பூனைக்கு வந்த வண்டி

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில், நகரத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சென்றிருந்தோம். வாடகைக்கு அமர்த்திய வேன் ஒன்று; அதனுள் கம்பிவலை அடித்த பெட்டிகள் பத்து; இளம் மிருக வைத்தியர் ஒருவர்; பல்கலைக்கழக மாணவர் இருவர்; ஆசிரியத் தொழில் புரியும் நாங்கள் இருவர். லயங்களிலுள்ள பூனைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி ஏற்றுவது, பெட்டைப் பூனைகளை நகரத்துக்குக் கொண்டு சென்று கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விப்பது, மறுநாள் மாலை அவற்றை அவற்றின் லயங்களிலேயே கொண்டுவந்து விடுவது, இவையே எங்கள் நோக்கம். நற்காரியம் ஒன்றைச் செய்கிறோம் என்ற பெருமிதம் எங்கள் முகங்களில் எழுதி ஒட்டியிருந்தது போலும்.

லயத்தின் இஸ்தோப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்மணி எங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெதுவாகக் கேட்டார்:

“எங்க புள்ளைக்கு ராத்திரியில காச்சல் அடிச்சா கீழ ரோடு மட்டும் தூக்கிக்கிட்டு ஓடணுங்க டீச்சர். பூனைக்கு மட்டும் லயத்துக்கே வேன் வந்திருக்குங்களே?”

அவர் குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. கணக்கில் ஒரு தொகை இடிக்கிறதே என்று கேட்பவரின் தொனியே இருந்தது. எங்களிடம் அதற்கு விடை இல்லை. பூனைகளைப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு தலைகுனிந்து திரும்பினோம். அன்று சொல்லத் தெரியாதிருந்த விடையைத் தேடிய கதையையே இங்கு எழுதுகிறோம்.

முதலில், பூனைகள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. வெள்ளை, கறுப்பு, செம்மை என மூன்று நிறமும் கலந்த பெட்டைப் பூனை பதுளை பஸ் நிலையத்தில் பிஸ்கட் பெட்டியொன்றினுள் கிடந்தது. கறுப்புக் கடுவன் பூனை தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து எங்கள் மாணவன் ஒருவனின் புத்தகப் பையினுள் ஏறி வந்தது. மூன்றாவது, யாரும் அழையாமல் வாசலில் வந்து உட்கார்ந்து, அன்று முதல் வீட்டின் தலைமையைத் தானே ஏற்றுக்கொண்டது. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்த உட்காரும்போதெல்லாம் அவற்றின் மேல் சென்று படுத்துக்கொள்வது அதன் வழக்கம். பாரதி தமது ‘முரசு’ பாட்டில் ஒரு தாய்ப்பூனையின் பல நிறக் குட்டிகளைக் காட்டிச் சாதிப் பிரிவினையைச் சாடியதை வகுப்பில் விளக்கும்போது, எங்கள் மாணவர்கள் எங்கள் வீட்டுப் பூனைகளின் பெயர்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். பாடம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நாங்களும் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

ஆயினும், பூனையின் மீது எங்களுக்கு ஏற்பட்ட பற்று இவற்றிலிருந்து தொடங்கியதன்று. எங்களில் ஒருவரின் பாட்டி சொன்ன கதை ஒன்று இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதும், 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டதும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்ததும், 1974-இல் அவர்களையும் சரிபாதியாக வெட்டியதும் யாவரும் அறிந்தவை. அந்தப் பங்கீட்டில் பாட்டியின் தமக்கை குடும்பம் அக்கரைக்குச் சென்றது. பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு எங்கெங்கோ சிதறிய ஆயிரமாயிரம் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. கோச்சி நிலையத்து அழுகையைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசியதில்லை. தமக்கையின் பூனையைப் பற்றித்தான் பேசுவார்.

நாய் ஆளைப் பற்றும், பூனை வீட்டைப் பற்றும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தமக்கையின் காம்பராவைப் பூட்டிச் சாவியைத் தோட்டத்துக் கந்தோரில் ஒப்படைத்த பின்னரும், அந்தப் பூனை மாலைதோறும் மூடிய கதவின் முன்னால் வந்து உட்கார்ந்திருந்ததாம். பல நாள் கழித்து அந்தக் காம்பரா வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களும் கடதாசி வருவதற்காகக் காத்திருந்தவர்களே. என்றைக்கு அழைப்பு வரும் என்று அறியாதவர்களே. அவர்கள் வந்த முதல் நாள் இரவே அந்தப் பூனைக்குச் சோறு வைத்தார்கள். “போறவங்க விட்டுட்டுப் போனதுக்கு இருக்கிறவங்கதானே சோறு போடணும்” என்று அந்த வீட்டுக்காரி சொன்னதைப் பாட்டி தன் இறுதி நாள் வரை மறக்கவில்லை. எங்கள் பூனைப் பற்று அந்தச் சொல்லிலிருந்து முளைத்தது. பூனை காக்கும் சங்கங்கள் நம் மண்ணில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, லயத்தின் இஸ்தோப்பில் அந்தப் பணி நடந்திருக்கிறது.

இனி, பூனை ஏன் லயத்துக்கு வந்தது என்று பார்ப்போம். மனிதன் தானியம் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் எலி வந்தது. எலியைத் தொடர்ந்து பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையும் கிடத்தப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். நம் மலைநாட்டுக் கதையிலும் எலிக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861-இல் வெளியிட்ட இலங்கை விலங்குகள் பற்றிய நூலில் கோப்பி எலியைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டில் நெலுச் செடிகள் பூத்து மடியும் பருவத்தில் இவ்வெலிகள் கூட்டம் கூட்டமாகக் கோப்பித் தோட்டங்களுக்குள் புகுந்து மொட்டையும் தளிரையும் அறுத்துத் தள்ளும் என்கிறார். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதையும் குறிக்கிறார். அத்துடன், தமிழ்க் கூலிகள் எலி இறைச்சியை எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்பதில் பெருவிருப்பம் கொண்டவர்கள் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே அவர்கள் நாடுவார்கள் என்றும் எழுதிச் செல்கிறார்.

கற்றறிந்த ஒருவரின் கண் எவ்வளவு கூர்மையாக எலியைக் கண்டது என்பதை வியக்கிறோம். அந்தக் கண்ணுக்குப் பசி மட்டும் தெரியவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து, வழியில் மடிந்தவர்கள் போக எஞ்சி மலையேறியவர்களின் சட்டியில் இறைச்சி என்று ஏதேனும் விழுந்ததென்றால் அது ஏன் எலியாக இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அக்கேள்வி அவருடைய இயற்கை வரலாற்றில் சேராது போலும்!

கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தது; எலி அழியவில்லை. 1914-இல் கொழும்பில் பிளேக் நோய் தோன்றிற்று. எலிகளும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளுமே அந்நோயைக் காவிச் சென்றன. ஆனால் மண்டபத்தில் மறித்து வைக்கப்பட்டு, உடலும் துணியும் சோதிக்கப்பட்டவர்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த தொழிலாளரே. 1907-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க மிருகவதைத் தடைச் சட்டம் வாயில்லாப் பிராணியை அடிப்பவனுக்கு நூறு ரூபாய் வரை அபராதம் விதித்தது. அதே காலத்தில் தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறிய தொழிலாளியைச் சிறையில் அடைக்கவும் சட்டம் இருந்தது. அவனைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. மாட்டுக்கும் பூனைக்கும் பாதுகாப்பளித்த சட்டத்தை நாங்கள் குறை கூறவில்லை. அது இன்னும் வலுப்பெற வேண்டும். இலங்கைச் சட்ட ஆணைக்குழு 2006-இல் புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்ததும் பழைய சட்டத்தின் நூறு ரூபாய் இன்று யாரையும் அஞ்சச் செய்யாது என்பதனால்தான். ஆயினும், இரக்கம் மட்டும் தனியே நடந்து நீதி பின்தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்று.

இந்தப் பின்னணியில் பார்த்தால் லயத்துப் பூனையின் நிலை விளங்கும். அது அங்கே அலங்காரத்துக்கு வளர்க்கப்படுவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளையன் காலத்தில் அளந்து கட்டிய காம்பராக்கள் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அரிசி மூட்டைக்கும் குழந்தையின் தொட்டிலுக்கும் இடையே இரண்டு முழம் இருந்தால் பெரிது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே எலி ஓடும். வாசலுக்கு முன்னால் கழிவுநீர் ஓடும் கான் அடைபட்டுக் கிடக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரினால் எலிக்காய்ச்சல் பரவும். 2008-இல் இந்நாட்டில் அந்நோய் பெருவாரியாகப் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பீடித்தது. இவற்றின் நடுவே ஒரு பூனை, கூலி கேட்காத காவலாளியாக நிற்கிறது. அதனிடம் எலியை ஒழிக்கும் வல்லமை இல்லை. கானைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் செய்யாத வேலையில் ஒரு சிறு பங்கை அது செய்கிறது, அவ்வளவே.

பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்தில் பருவமடைந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். முந்திய ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படுவதும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்துக்கொண்டாலும் எட்டுக் குட்டிகள். அவற்றுள் பல, கண் திறந்து சில வாரங்களுக்குள் மடியும். எஞ்சியவற்றைச் சாக்கில் கட்டிச் சந்தையிலோ, கோயில் மடத்திலோ, பஸ் நிலையத்திலோ விட்டுவிடுவார்கள். சில சாக்குகள் ஓயாவில் விழுவதும் உண்டு. அதைச் செய்கிறவர்களைக் கொடியவர்கள் என்று ஒரு காலத்தில் நாங்களும் எழுதியிருக்கிறோம். ஆனால், கருத்தடை செய்ய மிருக வைத்தியரிடம் கொடுக்க வேண்டிய தொகை ஒரு கொழுந்து பறிப்பவரின் பல நாட் கூலி. அந்தக் கூலி ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று தொழிலாளர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று, 2021-இல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக அதைப் பெற்றார்கள். அத்தகைய குடும்பத்திடம் சென்று ஜீவகாருண்யம் போதிப்பது எங்களுக்கு இப்போது கூச்சத்தைத் தருகிறது.

கருத்தடையோடு சேர்த்துத் தடுப்பூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறிநோயைத் தடுக்க 1893-இலேயே இந்நாட்டில் சட்டம் செய்தார்கள். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலம் முக்கிய வழியாகக் கொள்ளப்பட்டது. அப்படிக் கொன்று வந்த காலத்தில், 1973-ஆம் ஆண்டில் மட்டும் 377 மனிதர் இந்நோயால் இறந்தனர். பின்னர் நாய்களுக்குத் தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சையும் பரவலாயின. 2006-இல் நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, கருத்தடைக்கு இடம் கொடுக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் மரணங்கள் சில பத்துகளாகக் குறைந்துள்ளன. நோய் பரப்புவதில் நாய்க்கு அடுத்தபடி பூனையும் இருக்கிறது. ஆகவே பூனைக்கும் ஊசி அவசியம். இதிலிருந்து நாங்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு: கேட்பாரற்றுத் திரியும் உயிர்களைக் கொன்று குவிப்பதால் நோய் அடங்கவில்லை, அவற்றைப் பொறுப்பேற்றுக்கொண்டபோது அடங்கிற்று. இலவச ஊசியும் இலவச வைத்தியமும் மக்களின் உரிமைகளாக நின்று காத்த உயிர்கள் எத்தனையோ!

இப்போது அந்தப் பெண்மணியின் கேள்விக்குத் திரும்புவோம். அன்றிரவு வீட்டில் எங்களுக்குள் வாதம் மூண்டது. “இனி இந்த வேலையே வேண்டாம், மனிதருக்கு இல்லாததைப் பூனைக்குக் கொண்டு போவது அவமானம்” என்றார் ஒருவர். “பூனைக்குக் கொடுப்பதை நிறுத்தினால் அந்தக் குழந்தைக்கு வேன் வந்துவிடுமா?” என்றார் மற்றவர். இரண்டிலும் உண்மை இருந்தது.

எங்களுக்கு அப்போது வள்ளலாரின் நினைவு வந்தது. ஜீவகாருண்யம் என்ற சொல்லைத் தமிழில் நிலைநிறுத்திய அவர் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி முதலில் மூட்டியது மனிதப் பசி தீர்க்கும் அடுப்பையே. புலால் மறுத்தவர், எல்லா உயிரையும் தம்முயிர் போல் எண்ணியவர். எனினும் உயிர் இரக்கம் அவருக்குப் பசித்தவனின் இலையிலிருந்து தொடங்கியது. அதே 1867-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். தமிழ்நாட்டில் பசிக்கு அடுப்பு எரியத் தொடங்கிய ஆண்டில், அதே பசியால் கடல் கடந்தவர்களின் உழைப்பைப் பல தலைமுறைக்கு உறிஞ்சப்போகும் செடி இங்கே வேர் விட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இரக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் முழுமை பெறும் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

சிலர் இந்த இடத்தில் ஓர் உவமையைக் கையாளுவார்கள். நாடற்ற மனிதரும் வீடற்ற பூனையும் ஒன்று என்பார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. மனிதரை மிருகத்தோடு சேர்த்து எண்ணிய பழக்கம் தோட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருந்துவிட்டது. துரைமாரின் ஏடுகளில் தலைகள் எண்ணப்பட்டன. மனிதருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கும் குரலும், சேரும் சங்கமும், நிறுத்தும் வேலைநிறுத்தமும் உண்டு. பூனைக்கு அவை இல்லை. ஆகையால், பூனைக்கு நாம் செய்வது கருணை. குழந்தைக்குச் செய்வது கடமை. கருணையைக் காட்டிக் கடமையை மறைப்பதும், கடமையைக் காட்டிக் கருணையைக் கொல்வதும் பிழையே.

அடுத்த மாதம் மறுபடி அந்தத் தோட்டத்துக்குச் சென்றோம். இம்முறை முதலில் அந்தப் பெண்மணியிடம் சென்று, “நீங்கள் கேட்டது சரிதான்” என்று சொன்னோம். அவர் சிரித்தார். உள்ளே அழைத்துப் பிளேன்டீ கொடுத்தார். பின்னர் தன் குழந்தையின் காலைத் திருப்பிப் பெருவிரலைக் காட்டினார். எலி கடித்த தழும்பு. “அதுக்கு அப்புறந்தாங்க இந்தப் பூனையக் கொண்டாந்தேன். இது வந்தப்புறம் தொட்டிப் பக்கம் எலி வர்றதில்ல. நான் பூனைக்கு வேணான்னு சொல்லல டீச்சர். புள்ளைக்கும் வேணும்னுதான் சொன்னேன்.”

எங்கள் வாதத்தில் நாங்கள் தேடிய விடையை இரண்டு வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். பூனைக்கு வந்த வண்டியை நிறுத்த வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. குழந்தைக்கு வராத வண்டியையே அவர் கேட்டார்.

அன்று முதல் எங்கள் வேலையின் முறை மாறியது. எந்த லயத்தில் எத்தனை பூனை, எது சினையாக இருக்கிறது, எது கைக்கு வரும், எது வராது என்ற விவரமெல்லாம் அந்தப் பெண்களுக்கே தெரியும். அவர்களே ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் பட்டியல் எழுதினார்கள். கொழுந்து மலிந்த வாரத்தில் வராதீர்கள், சம்பள நாளில் வராதீர்கள் என்று நாளையும் அவர்களே குறித்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்த பூனையை ஓரிரவு ஈரம் படாமல் வைத்திருக்கத் தங்கள் அடுப்படியைத் தந்தார்கள். சிகிச்சை முடிந்த பூனைக்கு மயக்கத்திலேயே காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளம் வைப்பது எதற்காக என்று சிறுவர்களுக்கு அவர்களே விளக்கினார்கள். மலையில் தேயிலைச் செடியின் அடியில் உடம்பெல்லாம் கரும்புள்ளியிட்ட குட்டிகள் கிடந்தால் அவை வீட்டுப் பூனைக் குட்டிகள் அல்ல, உலகத்தின் மிகச் சிறிய காட்டுப் பூனை இனங்களுள் ஒன்றின் குட்டிகள், தாய் திரும்பி வரும்வரை தொடாமல் விட வேண்டும் என்று மாணவர் ஒருவர் சொன்னபோது, ஒரு மூதாட்டி, “அது எங்களுக்குத் தெரியும் தம்பி, மலைக்குப் போறவ நாங்கதானே” என்றார்.

அந்த அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் வளர்ந்தது. அடைபட்ட கான் எத்தனை, உடைந்த பீலி எத்தனை, கதவில்லாத கக்கூசு எத்தனை, இரவில் நோயாளியைக் கொண்டு செல்ல எந்த இடம் வரை வாகனம் வரும் என்ற பட்டியல். அதை ஒரு கடிதமாக்கி, லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தொழிற்சங்கத்துக்கும் அனுப்பினார்கள். கடிதத்தின் வாசகத்தில் நாங்கள் எழுத்துப்பிழை மட்டுமே திருத்தினோம். இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு கான் வெட்டித் துப்புரவாக்கப்பட்டது. பீலி ஒன்று திருத்தப்பட்டது. வாகனம் இன்னும் வரவில்லை. அதற்காக இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.

நகரத்தில் ஊசி போடும் நாட்களில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். 1983 ஜூலையில் தமிழர் கடைகள் தீயில் எரிந்த இதே பதுளை நகரத்தில் இன்று சிங்களத் தாய் ஒருவர் கூடையில் பூனையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் தோட்டத்துத் தமிழ்ச் சிறுவன் சாக்கில் பூனையோடு நிற்கிறான். மீன் கடை முஸ்லிம் பெரியவர் இருவருக்கும் இடையே நின்று தம் கடுவனின் வீரத்தைச் சொல்கிறார். சிங்களத்தில் பூனையைப் ‘பூஸா’ என்கிறார்கள். கம்பன் தன் காவியத்தின் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைப் ‘பூசை’ என்றே சொன்னான். இதை அந்தச் சிங்களத் தாயிடம் சொன்னபோது, “அப்படியானால் இதற்கு நாம் இரண்டு பேரும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம்” என்று சிங்களத்தில் சொல்லி மகிழ்ந்தார். பூனையால் இனப்பகை தீர்ந்துவிடும் என்று சொல்ல நாங்கள் மூடர் அல்லர். ஒரே வரிசையில் நின்று ஒரே ஊசிக்குக் காத்திருக்கும் பழக்கம் நல்ல பழக்கம் என்று மட்டும் சொல்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்க வேண்டும். ஊவா மலைகளில் மழை என்றாலே நெஞ்சு பதறும் காலம் இது. 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், போவதற்கு வேறு இடம் இல்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்தில் மறுபடியும் பல இடங்களில் மண் சரிந்தது. அப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தவர்களுக்குச் சமைத்துக் கொடுக்க நாங்களும் சென்றிருந்தோம். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் வகுப்பறைக்குள் வராமல் நடையோரத்தில் ஈரக் கம்பளியைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே வரும்படி அழைத்தோம். “வேணாங்க சேர், மத்தவங்களுக்குத் தொந்தரவு” என்று கம்பளியை விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு கிழட்டுப் பூனை. வகுப்பறையிலிருந்த பெண்கள் இதைப் பார்த்துவிட்டுப் பாயைச் சற்று இழுத்துப் போட்டு, “வாங்க தாத்தா, அதையும் கொண்டாங்க” என்றார்கள். நாலு பேர் படுக்கும் இடத்தில் ஐந்து பேரும் ஒரு பூனையும் படுத்தார்கள்.

எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் இடம் விட்டதைக் கண்ட பின்னர், இரக்கம் செல்வர்களின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று யாரேனும் சொன்னால் எங்களால் ஏற்க முடிவதில்லை. அது அந்தப் பாயில் இருந்தது. அவர்களிடம் இல்லாதது இரக்கம் அன்று. சரியாத நிலம், பெயரில் எழுதிய வீடு, இரவில் வரும் வண்டி.

ஆசிரியர்களும் மாணவர்களுமான வாசகர்களே, உங்கள் ஊரிலும் பூனைகளைக் காக்கும் சிறு குழு ஒன்று இருக்கக்கூடும். இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து தொடங்கலாம். கண்டியிலும் கொழும்பிலும் இப்பணியைச் செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. பேராதனையில் நாட்டின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. அவர்களிடம் முறையைக் கேட்டறியலாம். வெறிநோய்த் தடுப்பூசி அரசாங்கத்தின் இலவசச் சேவை. அது நகரத்தோடு நின்றுவிடாமல் லயத்து வாசல் வரை வரும்படி கேட்பது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். ஆனால் போகும்போது ஒரு வெற்றுக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பக்கத்தில் பூனைகளை எழுதுங்கள். பின்பக்கத்தை அங்குள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வரும் ஞாயிறு நாங்கள் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போகிறோம். பட்டியலில் ஒன்பது பூனைகள் இருக்கின்றன. அந்தப் பெண்மணியின் பூனையும் அதில் ஒன்று.